ஐந்தாவது கடை

வாஷர் அண்ணன் எங்கள் நகராட்சியில் குழாய் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. கூட்டக் குறிப்பு எழுதும் வேலைக்கு நான் வந்து சேர்ந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. அவருடைய காக்கிச் சட்டைப் பையில் ரப்பர் வாஷரும் பித்தளை வாஷரும் கலந்து ஒரு பிடி எப்போதும் கிடக்கும். மாடிப்படி ஏறினால் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் வரும். யாராவது பேச்சுவாக்கில் வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டால் போதும். பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அளவு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தப் பழைய கட்டடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது புகை. மாடியில் மன்றக் கூட்டம் நடக்கும் அறை, நீள மேசை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் அரைச் செங்கல் கனத்தில் ஒரு கண்ணாடிச் சாம்பல் கிண்ணம். கூட்டம் சூடு பிடித்தால் எதிர்வரிசையில் இருக்கிறவர் முகமே எனக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் யார் பேசினார் என்று எழுதுவேன். சளி பிடித்திருந்த ஒரு உறுப்பினரை இன்னொருவர் என்று நினைத்து எழுதிவிட்டு, மறுநாள் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என் பின்னலை மோந்து பார்த்துவிட்டு, நீ வேலைக்குத்தானே போகிறாய் என்று கேட்பாள்.

அந்தப் புகையில் எல்லாரையும்விட எரிச்சல் பட்டவர் வாஷர் அண்ணன்தான். துண்டு சிகரெட்டுகளைக் கைகழுவும் தொட்டியிலும் கழிவறையிலும் போட்டு விடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். ஊதுவது அவர்கள், தோண்டுவது நான் என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பியை விட்டு ஆட்டுவார். அப்போது அவருக்குச் சிகரெட் வாசனையே ஆகாது.

அதைப் பழக்கிவிட்டது எதிரே இருந்த கடை.

அலுவலக வாசலுக்கு நேர் எதிரே பஸ் நிலையம். அதன் வாயிலை ஒட்டிப் பலகைக் கடை ஒன்று இருந்தது. பத்திரிகை, மிட்டாய், தீப்பெட்டி, சிகரெட், அவ்வளவுதான் சரக்கு. கடைக்காரர் படுத்த படுக்கையானதும் அவருடைய மூத்த மகள் வந்து உட்கார்ந்தார். பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் முதல் பிரதியைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். அதுவரைக்கும் வாடிக்கைக்காரர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு காலையில் வாஷர் அண்ணனும் அப்படிக் காத்திருந்தார். பம்ப் அறைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனவர் அரைமணி நேரம் கழித்து ஒரு சிகரெட்டோடு திரும்பி வந்தார். தீப்பெட்டியை மறந்து விட்டார்.

பாக்கெட்டாக வாங்கினால் ஒரு தடவைதான் போக முடியும். ஆகையால் ஒன்று ஒன்றாக வாங்கினார். காலையில் ஒன்று, டீ நேரத்தில் ஒன்று, மதியம் இரண்டு, கிளம்பும்போது ஒன்று. எல்லாவற்றையும் கொண்டுவந்து மீட்டர் பார்க்கிறவரிடம் கொடுத்து விடுவார். மீட்டர் பார்க்கிறவருக்கு அந்த மூன்று வாரமும் சுக்கிர தசை. ஒருநாள் கடையில் கேள்வி வந்துவிட்டது.

“தினமும் அஞ்சு வாங்கறீங்க. ஒண்ணையாவது பத்த வச்சு நான் பார்த்ததில்லையே?”

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அங்கேயே ஒன்றைப் பற்றவைத்தார். இருமல் பிடித்துக் கண்ணில் நீர் வழிந்து, பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீருக்காக மறுநாளும் பற்றவைத்தார். மூன்று மாதத்தில் அந்தப் பெண்ணுக்கும் அவரைப் பிடித்துவிட்டது, சிகரெட்டும் அவரைப் பிடித்துவிட்டது.

திருமணத்தை எங்கள் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்துப் பதிவு அறையில் நடத்தினார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி எனக்கு அண்ணி. அண்ணியின் தம்பிக்கு அப்போது எட்டு வயது. பெரிய ஆளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்காவை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பதிவாளர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதான். அண்ணன் குனிந்து, மேசைக்கு அடியிலேயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னையும்தான் கூட்டிப் போகிறோம் என்றார். சொன்னபடியே செய்தார். தகப்பன் போனபிறகு அந்த மச்சினன் அவர் வீட்டில்தான் வளர்ந்தான். சைக்கிளின் முன்கம்பியில் அவனை உட்காரவைத்துப் பள்ளியில் இறக்கிவிட்டு, அலுவலகத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வருவார். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பத்து நிமிஷத்தை எங்கள் மேலாளர் கண்டும் காணாமல் விட்டார்.

கல்யாணமான மறுநாளே அண்ணி சிகரெட்டை விடச் சொன்னார். நீ விற்பதை நிறுத்து, நான் பிடிப்பதை நிறுத்துகிறேன் என்றார் இவர். கடையை நிறுத்தினால் உலை எதில் கொதிக்கும் என்றார் அவர். இருபது வருஷம் இந்தச் சண்டை ஓடியது. ஒருவருக்கொருவர் கோபமில்லாத சண்டை. பழைய சோபா மாதிரி, அதில் இரண்டு பேரும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில் மன்றக் கூட்டத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் கையில் சிகரெட்டோடுதான் பேசினார். சாம்பல் கிண்ணங்களைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்கள். புகை போனதும் அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். வாஷர் அண்ணன் பம்ப் அறைக்குப் பின்னால் போய்ப் பிடித்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது நடந்தபோது, மேல்நிலைத் தொட்டியின் வால்வைப் பார்க்க ஏணியில் ஏறினார். ஆயிரம் தடவை ஏறிய ஏணி. பாதி வழியில் மூச்சு முட்டிவிட்டது. நடுத்தட்டில் உட்கார்ந்தவரால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. மீட்டர் பார்க்கிறவர் ஓடிப்போய்க் கடையில் சொன்னார். அண்ணி பட்டப்பகலில் கடைப்பலகையைச் சாத்திவிட்டு வந்து தொட்டிக்குக் கீழே நின்றார். கூப்பிடவில்லை, அழவில்லை. அண்ணாந்து பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றார். அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் சிகரெட்டை விட்டார். ஒன்பது நாளில் மறுபடி பிடித்தார். திரும்ப விட்டார், திரும்பப் பிடித்தார். சிகரெட்டை விட உதவும் என்று நிகோடின் மிட்டாய் வாங்கி, அட்டையில் எழுதியிருந்ததையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்தார். அது தீர்ந்துபோனால் புது ரப்பர் வாஷர் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு வேலை செய்வார். அந்த நாட்களில் யாராலும் அவரிடம் பேச முடியாது, சிடுசிடு என்று விழுவார். நாலாவது தடவைதான் நின்றது. முதலில் விட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் சரியாக இரண்டு வருஷம்.

அதற்கப்புறம் பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அண்ணியின் கடை நகராட்சி உயர்நிலைப் பள்ளி இருக்கும் தெருமுனைக்கு வந்தது. நோட்டு, பேனா, மிட்டாய், பெரியவர்களுக்குச் சிகரெட். அண்ணிக்கு முழங்கால் படுத்த ஆரம்பித்ததும் தம்பிதான் கடையில் உட்கார்ந்தான். அவனுக்கும் கல்யாணமாகி, மாடிப் பகுதியில் குடியிருந்தான். காலையில் ஒருமணி நேரம் மட்டும் அண்ணி கடைக்கு வந்து, பத்திரிகை படித்துவிட்டுப் போவார்.

இப்படி எல்லாம் அடங்கி நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக் கழிவறை அடைத்துக்கொண்டது.

முதலில் இரண்டாவது மாடிப் பெண்கள் கழிவறை. அண்ணன் போய்ச் சுருள் கம்பியை விட்டு இழுத்ததில் விரல் நீளத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு தட்டையான சாமான் வந்தது. வரிகளுக்கு வண்ணம் அடிக்கிற பேனா என்று நினைத்து ஓரமாகப் போட்டார். இரண்டு நாள் கழித்துப் பையன்கள் கழிவறையில் இரண்டு கிடைத்தன. ஒரு மாதத்துக்குள் பத்தொன்பது ஆகிவிட்டது. டீச்சர் வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் உள்ளே போட்டுத் தண்ணீரை விட்டு விடுவார்கள். குழாயின் வளைவில் போய் அது மாட்டிக்கொள்ளும். அண்ணன் எல்லாவற்றையும் கழுவி, கிடங்கு ஜன்னலில் பழைய பத்திரிகை விரித்து வரிசையாகக் காய வைத்திருந்தார். நீலம், பச்சை, மஞ்சள். குழந்தைகள் கடையில் அலங்காரம் செய்த மாதிரி இருந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தங்கச்சி, முப்பத்தஞ்சு வருஷமா கக்கூஸ் குழாய்ல கையை விடறேன். மாம்பழ வாசனை வந்தது இதுதான் முதல் தடவை.”

வெளியூரில் படித்துக்கொண்டிருந்த தன் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார். உடனே பதில் வந்தது. அதன் பெயர் வேப், இ-சிகரெட் என்றும் சொல்வார்கள், உறிஞ்சினால் பழ வாசனையில் ஆவி வரும், பேட்டரி இருக்கிறது, தண்ணீரில் ஊறியதை வெறும் கையால் தொடாதீர்கள் என்று. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நிகோடின் என்று எழுதியிருந்தாள். அண்ணன் அந்த வார்த்தையைப் பார்த்ததும் கிடங்கில் இருந்த சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து விட்டார். மிட்டாய் அட்டையில் தினமும் படித்த வார்த்தை அல்லவா.

இதை மன்றத்தில் வைக்க வேண்டும் என்றார். ஊழியர் யாரும் நேரடியாகக் கூட்டத்தில் எதையும் வைக்க முடியாது, சுகாதாரக் குழு வழியாகத்தான் வர வேண்டும் என்று விதியைச் சொன்னேன். குழுவுக்குத் தலைவி ஒரு பல் டாக்டர். அண்ணன் பத்தொன்பதையும் பெயின்ட் வாளியில் போட்டு, மூடி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவருடைய மருத்துவமனைக்கே போனார். பல் பிடுங்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் வாளியைத் திறந்து காட்டினார். டாக்டர் கையுறை போட்ட கையால் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாராம். அப்புறம், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வாய் வறண்டு, ஈறு வீங்கி வருகிறார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள், எனக்கு இப்போதுதான் புரிகிறது என்றாராம்.

அடுத்த கூட்டத்தில் அது முதல் பொருளாக வந்தது. டாக்டர் எழுந்து, நம் பள்ளிப் பிள்ளைகளிடம் வேப் பழக்கம் பரவி வருகிறது, தடுக்க வேண்டும் என்றார். காது கொஞ்சம் மந்தமான மூத்த உறுப்பினர் ஒருவர், வேப்பங்குச்சியில் பல் தேய்ப்பது நல்ல பழக்கம்தானே, பல் டாக்டரே அதைத் தடுக்கச் சொன்னால் எப்படி என்று உருக்கமாகக் கேட்டார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. நான் குறிப்பில் “விளக்கம் கோரப்பட்டது” என்று மட்டும் எழுதினேன்.

கூட்டத்துக்கு அழைத்திருந்த பள்ளித் தலைமையாசிரியை சிரிக்கவில்லை. தன் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யாரும் இல்லை, வெளியாட்கள் வேலையாக இருக்கும் என்றார். நகராட்சித் தலைவர் வாஷர் அண்ணனைப் பார்த்தார். அவர் கதவோரம் ஊழியர்கள் வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

“பிள்ளைங்களை நான் பார்க்கலீங்க டீச்சர். குழாயைத்தான் பார்த்தேன். அதுல இது இருந்துச்சு.”

வாளியை மேசைமேல் வைத்தார். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். உடனே, நாளையிலிருந்து வகுப்பு நேரத்தில் கழிவறைகளைப் பூட்டிவிடுகிறேன், மாட்டுகிறவர்களைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுகிறேன் என்றார். அண்ணன் அவசரமாக, பூட்ட வேண்டாம் என்றார். பூட்டினால் அந்தப் பழக்கமே இல்லாத பிள்ளைகள்தான் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், பழக்கம் உள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். நானே நாலு தடவை விட்டுத்தான் விட்டேன், அதுவும் நாற்பத்தெட்டு வயதில், இதுகள் பதினைந்து வயதில் ஒரே நாளில் எப்படி விடும் என்றும் சொன்னார். அதுவரை அந்த அறையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

பள்ளியைச் சுற்றி எந்தெந்தக் கடைகளில் இது விற்கிறது என்று சுகாதார ஆய்வாளர் பட்டியல் எடுத்து அடுத்த மாதம் தர வேண்டும் என்று முடிவானது.

அந்த மாதத்தில் ஒருநாள் அண்ணன் எடுத்த அடைப்பில், மேலுறையோடு ஒன்று வந்தது. உறையின்மேல் விலை ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர். அதில் ஏழு என்ற எண் தலை உடைந்து விழுந்திருந்தது. அந்த ஸ்டிக்கர் அடிக்கும் மிஷினை அண்ணியின் கடைக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வாங்கிய நாளிலிருந்தே அதில் ஏழு அப்படித்தான் விழும். மாற்றிக் கேட்கலாம் என்று பலதடவை பேசி, சோம்பலில் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். விஷயம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதுவும் அண்ணி சொல்லி.

வீட்டுக்குப் போய் மச்சினனை மாடியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். ஸ்டிக்கரை மேசைமேல் வைத்து, இது நம்முடையதா என்று கேட்டிருக்கிறார். அவன் மறைக்கவில்லை. பெரியவர்களுக்குத்தான் விற்கிறேன், சட்டத்தில் இன்னும் தடை ஒன்றும் வரவில்லை, சீருடையை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் எனக்கு எப்படித் தெரியும் என்றான். நீ அந்தப் பள்ளியில்தானே படித்தாய், ஒரு பிள்ளையின் வயது உனக்கு முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று இவர் கேட்டார். நான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள் என்று அவன் சொன்னான். அண்ணி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பெட்டிகள் கடையில் இருப்பது தெரியும். சிகரெட்டை விடுவதற்கு உதவுகிற சாமான் அக்கா, அந்தக் காலத்தில் மாமாவுக்கு இது கிடைத்திருந்தால் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று தம்பி சொல்லியிருந்தான். அதை நம்பிக் காலை நேரத்தில் அவர் கையாலேயே இரண்டு மூன்று விற்றிருந்தார். வாங்கியவள் ஒரு பெண், அப்பாவுக்கு என்று சொன்னாளாம். என்னிடம் இதைச் சொல்லும்போது அண்ணி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டம் வந்தது. சுகாதார ஆய்வாளர் எழுந்து பட்டியலைப் படித்தார். நாலு கடை. முனைக்கடையின் பெயர் அதில் இல்லை. ஆய்வாளர் நல்லவர். வாஷர் அண்ணனோடு பதினெட்டு வருஷம் ஒரே அறையில் டீ குடித்தவர். அந்த ஒரு பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. தலைவர், இந்த நாலு கடைக்கும் அறிவிப்பு அனுப்பலாம் என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். அண்ணன் எழுந்தார்.

“தலைவர் மன்னிக்கணும். ஒரு கடை விட்டுப் போச்சுங்க.”

“எந்தக் கடை?”

“பள்ளிக்கூடத் தெருமுனைக் கடை. என் வீட்டுக் கடைதான்.”

ஆய்வாளர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் குரலைத் தாழ்த்தி, அதை நீங்கள் வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள், பதிவில் வர வேண்டியதில்லை என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். மேசையைச் சுற்றி எல்லாரும் தலையசைத்தார்கள்.

“வேண்டாங்க. அப்புறம் அந்த நாலு பேர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, அஞ்சாவதா எழுதிக்கோங்க.”

எழுதினேன். முப்பது வருஷக் குறிப்பேடுகளில் என் கையெழுத்து கோணலாகப் போனது அந்த ஒரு வரியில்தான்.

ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மச்சினன் அதைத் தாங்கவில்லை. தெருவில் வைத்துத் தன் சட்டையைக் கழற்றிவிட்டார் மாமா என்று சொன்னான். ஒரு வாரத்தில் மாடியைக் காலி செய்து, மனைவி குழந்தையோடு ஊரின் மறுகோடியில் வீடு பார்த்துப் போய்விட்டான். சாமான் ஏற்றும்போது அண்ணனும் கைகொடுக்கப் போனார். அவன் அவர் கையிலிருந்த நாற்காலியை வாங்கித் தானே ஏற்றினான்.

போவதற்கு முன்னால் அண்ணி அவனிடம் ஒரே ஒரு தடவை பேசினார்.

“உங்க மாமா சிகரெட் பழகினது என் முகத்தைப் பார்த்து. அந்தப் பாவம் என்னோட போகட்டும். இந்தப் பிள்ளைங்க முகத்தை நீ ஒரு தடவையாவது பார்த்தியா?”

அவன் கடைச் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனான். கடையில் மிச்சமிருந்த பெட்டிகளை அண்ணியே ஒரு பையில் போட்டு, வலிக்கிற காலோடு நடந்து வந்து, சுகாதார அலுவலக மேசையில் வைத்துவிட்டு ரசீது கேட்டார். அதோடு சிகரெட்டையும் கடையிலிருந்து எடுத்து விட்டார். இருபது வருஷம் புருஷன் கேட்டும் செய்யாததை அன்று யாரும் கேட்காமலே செய்தார்.

பள்ளிகளுக்கு அருகில் இவற்றை விற்கக் கூடாது, வயது பார்க்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மன்றத்தில் விதி வந்தது. டாக்டர் பிடிவாதமாக நின்று, யாரையும் பள்ளியை விட்டு நிறுத்த மாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் எழுதி வாங்கிக்கொண்டார். நகராட்சி மருத்துவமனையில் புதன்கிழமை மாலைகளில், பழக்கத்தை விட நினைக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு அறை ஒதுக்கினார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு புதன் யாரும் வரவில்லை. டாக்டரும் நர்சும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது புதன் ஒரு பெண் வந்தாள். அடுத்த வாரம் அவள் தன் தோழி இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கழிவறையில் அடைப்பு குறைந்தது, நிற்கவில்லை. சிலர் வேறு இடத்தில் ஒளித்தார்கள். ஆனால் அந்தத் தலைமையாசிரியை கழிவறைகளைப் பூட்டவில்லை. வருஷக் கடைசியில் அவரே அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என்ன இருந்தது என்று அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

மச்சினன் பதினாலு மாதம் பேசவில்லை. அண்ணன் தினமும் சைக்கிளில் அவன் குடியிருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அது சுற்று வழி. பத்து நிமிஷம் தாமதமாகும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பதினைந்தாவது மாதம் ஒரு மழை நாளில் மச்சினன் வீட்டுச் சமையலறைக் குழாய் சுவரோடு பிடுங்கிக்கொண்டது. வீடெல்லாம் தண்ணீர். அவன் இரண்டு பிளம்பருக்குப் போன் செய்தான், மழையில் யாரும் வரவில்லை. கடைசியில் அவன் மனைவி அண்ணிக்குப் போன் செய்தாள். அண்ணன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த மச்சினன் வழிவிட்டு நின்றான், இவர் நேராகச் சமையலறைக்குப் போனார். முட்டளவு நனைந்து ஒன்றரை மணி நேரம் வேலை நடந்தது. ஸ்பானர் என்றால் ஸ்பானர் வந்தது, டார்ச் என்றால் டார்ச் வந்தது. வேலை முடிந்து தண்ணீரைத் திறந்து பார்த்தபோது சொட்டவில்லை. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் இதை எனக்குச் சொன்னவர், வாசலில் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம். பின்னாலிருந்து குரல் வந்ததாம்.

“மாமா, டீ போட்டாச்சு. குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தீர்களா அண்ணா என்று கேட்டேன். இரண்டு டம்ளர் என்றார். சர்க்கரை அதிகம் போட்டுவிட்டான், என் சர்க்கரை வியாதி அவனுக்குத் தெரியாது, பதினாலு மாதத்தில் வந்தது அல்லவா என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், வெளியே மழை விட்டிருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.